உயிரோடிருந்தவர்களுக்கு ஓர் இரங்கலுரை

1.

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு பல்வைத்தியரின் காத்திருப்பு அறை. பிறந்த விதம், ஒரு கொலை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பள்ளி மண்டபத்தில், அமெரிக்காவில் தன்பாட்டுக்கு உயிரோடிருந்த ஒரு மொழியைக் குகநேசன் கொன்றுபோட்டான்.

(முதலில் ‘நான் கொன்றேன்’ என்றுதான் எழுதினேன். கை கூசியது. படர்க்கை நல்ல வசதி: ஏச்சு விழுந்தால் குகநேசனுக்கு, பாராட்டு வந்தால் எனக்கு. மற்றப்படி இருவருக்கும் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் ஒரே வீடு, ஒரே மனைவி தங்கேஸ்வரி, ஒரே மகள் மயூரா.)

பேச்சுப் போட்டி வந்தால் பேச்சை எழுதுவது தகப்பன், பாடமாக்குவது பிள்ளை, அழுவது சபை. அது எங்கள் வழக்கம். பதினான்கு வயது மயூராவுக்குப் பேச்சு எழுத வேண்டிய வாரத்தில் குகநேசனுக்குக் கடைவாய்ப்பல் வலி. காத்திருந்த இடத்தில் கிடந்த நோர்வே சஞ்சிகையில், குவாப்பா என்ற மக்களைப் பற்றி ஒரு கட்டுரை. ஆர்கன்சா ஆற்றோரம் வாழ்ந்தவர்கள். நிலத்தைப் பறிகொடுத்து ஒக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டவர்கள். அவர்களுடைய மொழியைச் சரளமாகப் பேசுவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே... பக்கத்தைத் திருப்புமுன் வைத்தியர் கூப்பிட்டுவிட்டார். மிச்சத்தை, வாய் விறைத்த நிலையில், குகநேசனே இயற்றினான்.

“அந்த மொழியின் கடைசி மனிதர் சாகும் தறுவாயில் தன் தாய்மொழியில் தண்ணீர் கேட்டார். அது அங்கே எவருக்கும் விளங்கவில்லை. தமிழா, நாளை உனக்கும்...”

‘உனக்கும்’ என்ற இடத்தில் மயூரா கையை நீட்டிச் சபையைச் சுட்டினாள். மண்டபமே மூக்கைச் சிந்தியது. முதற்பரிசு.

2.

ஆறு கிழமை கழித்து, நோர்வேப் பள்ளிக்கூடத்தில் ஒரு புரொஜெக்ட். தெரிந்த விஷயந்தானே என்று மயூரா குவாப்பாவையே எடுத்தாள். ஆசிரியை அதற்கு ‘ஷில்டெ’ கேட்டார்.* ‘அப்பா’ என்பது ஷில்டெ ஆகாதாம். மயூரா, பேச்சில் வந்ததையெல்லாம் எழுதி, உண்மையா என்று கேட்டு அந்த மக்களின் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் போட்டுவிட்டாள்.

(* ஷில்டெ: தகவல் வந்த மூலம், ஆதாரம். இந்த நாட்டில் வானிலையைப் பற்றிக் குறைசொல்ல மட்டுந்தான் அது தேவையில்லை.)

மறுமொழி வந்தபோது குகநேசன் சோற்றில் கைவைத்திருந்தான்.

“அப்பா, தண்ணி கேட்டவற்றை பேர் என்ன?”

“எந்தத் தண்ணி?”

“செத்துப்போன குவாப்பாக்காரர்.”

“அது பிள்ளை... பேச்செண்டால் ஒரு உருக்கம் வேணுமெல்லோ.”

“அவையள் சாகேல்லை அப்பா. வியாழக்கிழமையில வகுப்பு வைக்கினமாம்.”

தங்கேஸ்வரி கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். “ஐயோ, அந்த மனுசனுக்காக நான் ரெண்டு நாள் அழுதனான்!”

“என்ரை கூட்டாளியள் எல்லாரும் அழுதவை.” மயூரா கதிரையை விட்டு எழுந்தாள். “நான் சொல்லித்தான் அழுதவை. இனி எந்த முகத்தோட அங்கை போறது? நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டன்.”

அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. மொழி செத்துவிடும் என்று பயமுறுத்தி மகளைத் தமிழோடு கட்டிவைக்கப் பார்த்தவன், கட்டின கயிற்றைத் தானே அறுத்துவிட்டான்.

3.

பரிகாரமாகப் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுதுவதென்று தீர்மானித்தான். “எழுதுங்கோ. ஆனா எனக்குக் காட்டாமல் ஒரு வரியும் போகக்கூடாது,” என்றாள் மயூரா. ஆகவே இனிச் சதுர அடைப்புக்குள் வருபவை அவள் பென்சிலால் எழுதியவை.

லில்லெஸ்ட்ரோம் களஞ்சியத்தில் வேலை முடிந்து ரயிலில் வரும்போது எழுதிய தொடக்கங்கள்:

ஒக்லஹோமாவின் செந்நிற அந்திவானில் கழுகொன்று

[கழுகு எங்கையிருந்து வந்தது? ஷில்டெ?]

கழுகு போயிற்று.

அந்த வகுப்பறையில், சோகம் ததும்பும் விழிகளோடு அவர்கள்

[இல்லை. சிரிக்கிறம் எண்டுதான் எழுதியிருக்கினம்.]

சோகமும் போயிற்று. இரண்டையும் பிடுங்கிய பிறகு பார்த்தால், இருபது வருஷமாக மலர்களுக்கு எழுதிவருகிற கையில் வேறொன்றும் இல்லை.

4.

ஆகவே வந்த கடிதத்தையே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் வேலைசெய்யும் ஒரு பெண் எழுதியது. தங்கள் இனத்தின் பெயருக்கு ‘ஆற்றோடு கீழே வந்தவர்கள்’ என்று பொருள் சொல்வார்களாம். சரளமாகப் பேசுவோர் மிகக் குறைவு என்பது உண்மைதான். [இது சரி.] ஆனால் வியாழன் தோறும் வேலை முடிந்து பதினொரு பேர்

[‘கொஞ்சப் பேர்’ எண்டுதான் கிடக்கு.]

கொஞ்சப் பேர் கூடுகிறார்கள். முந்தின தலைமுறை பேசிப் பதிந்த ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறார்கள். அவளுடைய மச்சாள் ஒருத்தி [சொந்தக்காரி. மச்சாளோ தெரியாது.] ஒவ்வொரு முறையும் பிழைவிடுவாளாம். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுபடி சொல்வாள். “எங்கள் வகுப்பு அவ்வளவுதான்,” என்று எழுதியிருந்தது. “நாங்கள் இறந்துவிட்ட செய்தியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த வாரம் வகுப்புக்கு வராமலிருக்க நல்ல சாட்டு என்றாள்.”

[இதில ஒண்டும் கூட்டேல்லை. நல்லது.]

கூட்ட ஆசை இருந்தது. கூட்டுவதற்கு இடம் இருக்கவில்லை. அந்த மச்சாளை எனக்குத் தெரியும் போலிருந்தது. எங்கள் வீடுகளில் அவள் இல்லாத வீடு ஏது?

5.

முடிவுக்கு மூன்று வைத்திருக்கிறேன்.

குகநேசன் மேடையேறி மன்னிப்புக் கேட்கிறான். மயூரா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். [ஓடமாட்டன்.]

தகப்பனும் மகளும் ஒக்லஹோமாவுக்குப் பறக்கிறார்கள். (லீவு தரமாட்டார்கள்.)

மயூரா பிறகு ஒருநாளும் தமிழ்ப் பள்ளிக்கு

மூன்றாவதை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் திரும்பி வருவாளா என்று குகநேசன் ஆட்களைக் கேட்டுப் பார்த்தான். பள்ளிப் பொறுப்பாளர் சபாரத்தினம் மாஸ்டர், “பாப்பம், பாப்பம்,” என்றார். “ஆனா ஐசே, மேடையில ஏறிப் பிழை எண்டெல்லாம் சொல்லிப்போடாதையும். பரிசும் குடுத்தாச்சு. இஞ்சை ஆர் குவாப்பாவைக் கண்டது?” தங்கேஸ்வரி, “உங்கடை மகள். நீங்களே கேளுங்கோ,” என்றாள். மகளைக் கேட்டான். “கான்ஷெ,” என்றாள். நோர்வே மொழியில் ‘இருக்கலாம்’. அவள் தோளைக் குலுக்கிய விதத்தில் ‘இல்லாமலும் இருக்கலாம்’.

6.

வருகிற சனி மேடையில் சொல்லத்தான் போகிறேன்; மாஸ்டருக்கும் அறிவித்தாயிற்று. சொல்வேனா, மைக்கைக் கண்டதும் புதிதாக வேறு யாரையாவது சாகடிப்பேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுத நான் நம்பத்தகுந்த ஆள் இல்லை.

குகநேசனை இத்தோடு அனுப்பிவிடுகிறேன். இதற்கு மேல் படர்க்கை சரிவராது.

நேற்று மாலை நிலக்கீழ் ரயிலில் நானும் மயூராவும் வந்துகொண்டிருந்தோம். மேலே உள்ளதையெல்லாம் மடியில் வைத்து அவள் திருத்திக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷத்தில் ஒருமுறையும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன்.

“பிள்ளை, உண்மையாச் சொல்லு. உனக்குத் தமிழ் வகுப்புப் பிடிக்குமோ?”

பென்சில் நின்றது.

“ஓம் அப்பா, நல்லாப் பிடிக்கும். என்ரை கூட்டாளி யாழ் இருக்கிறாளெல்லோ, பாடம் வாசிக்கேக்கை ஒவ்வொரு முறையும் ஒரு வரியைத் தாண்டிப்போடுவாள். மாஸ்டர் கவனிக்கிறேல்லை. எங்களுக்குச் சிரிச்சு வயிறு நோகும். நீங்கள் வெருட்டாட்டியும் வந்திருப்பன்.”