ஷ்யாம் லேப்டாப்பில் மட்டும்

"என் லேப்டாப்ல எல்லாம் வர்றதே!" என்றான் ஷ்யாம்.

வராமல் என்ன! கல்கத்தாவில், டாலிகஞ்சில் சீரியல்காரர்களுக்கு ராஜா ராணி உடைகளை வாடகைக்கு விடும் மிதா தீதியின் கடையில் உட்கார்ந்திருந்தோம். நானும் ஷ்யாமும் ஆரம்பித்த கம்பெனிக்கு அவளுடையதுதான் முதல் வெப்சைட். அப்போதுதான் நெட்டில் ஏற்றியிருந்தோம். அவள் போனில் வாடகை மட்டும் தெரிந்தது. உடைகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம்.

"எ கீ, ஸ்னேகா?" என்றாள். என்ன கூத்து இது என்று அர்த்தம்.

கம்பெனி சரிவராவிட்டால் பேங்க் எக்ஸாம் எழுதுவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பேங்கிலேயே தலை நரைத்து ரிட்டயரானவர் அப்பா. "கம்பெனியாம், கத்திரிக்காயாம்" என்பார். ஏற்றின ஜோரில் அவருக்கும் லிங்க் அனுப்பித் தொலைத்திருந்தேன்.

"தள்ளுடா" என்று லேப்டாப்பைப் பிடுங்கினேன். பயம் அப்பாவிடம்தான், வேலையில் இல்லை.

படங்கள் இருக்கும் முகவரியை ஒரே ஃபைலில் எழுதி, எல்லாப் பக்கங்களும் அதையே கேட்கும்படி வைத்திருந்தேன். "எதுக்குடி இவ்ளோ ஆசாரம்?" என்று ஷ்யாம் கேலி செய்த ஏற்பாடு. திறந்து பார்த்தால், சோதனைக்காக அவன் போட்ட முகவரி அப்படியே இருக்கிறது. 'உன் சொந்த மெஷினிலேயே தேடு' என்று சொல்லும் முகவரி. மிதா தீதியின் போன், பாவம், தனக்குள்ளேயே ராணி உடையைத் தேடிக்கொண்டிருந்தது.

"உங்காத்து பீரோல வச்சுட்டு, ஊர்ல எல்லாரையும் எடுத்துக்கோன்னா எப்படிடா எடுத்துப்பா?"

"மறந்துட்டேன்டி."

"மறப்ப, மறப்ப."

அதை அழித்துவிட்டு, வெப்சைட்டுக்குள்ளேயே இருக்கும் படங்களின் ஃபோல்டருக்கு வழி எழுதினேன். ஒரே வரி. மறுபடி ஏற்றியதும் ஜரிகையும் கிரீடமுமாக எல்லாம் வந்துவிட்டன. மிதா தீதி "தாருண்!", அதாவது பிரமாதம், என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

போன் அடித்தது. அப்பா.

"படம் ஒண்ணும் வரலையேடி."

"சரி பண்ணிட்டேன்ப்பா. இப்போ பாரு."

"முன்னாடியே பண்ணப்படாதோ? என் பொண்ணு கம்பெனி பண்ணினதுன்னு பேங்க் குரூப்ல போட்டுட்டேன். எல்லாரும் காலிக் கட்டத்தைப் பாத்துட்டு என்னைப் பிடுங்கி எடுக்கறா."

"நீ பாக்காமலேயா போட்ட?"

"நீ பண்ணினதை நான் என்னத்துக்குப் பாக்கணும்?" என்றார் அப்பா, எரிச்சலாக.