அரையிறுதி நாள்

கர்யோனோவின் தாடையைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது வினர்த்தியின் கைபேசி அடித்தது. ஜகார்த்தாவிலிருந்து மகள் லரஸ். அறையில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அம்மா, அப்பா எப்படி இருக்கார்?"

"தூங்கறார்டி."

"ராத்திரி மூச்சு வாங்கலையே?"

"இல்ல. நல்லாத் தூங்கறார். நீ சாப்பிட்டுட்டு ஹாலுக்குக் கிளம்பு."

"எழுப்பி ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்."

வினர்த்தி கணவனின் முகத்தைப் பார்த்தாள். வாய் இன்னும் திறந்தே கிடந்தது. "இப்பத்தான் கண்ணசந்தார். எழுப்பினா கோச்சுக்குவார்."

"சரிம்மா," என்றாள் லரஸ். உடனே வைத்துவிடவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

கால்மாட்டில் நின்றிருந்த மகன் ஹெரு வாசலுக்குப் போனான். தெருவில் நாற்காலி போடுகிறவர்களோடு சேர்ந்து அவனும் நாற்காலிகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தான். ஒவ்வொன்றையும் தரையில் ஓங்கி வைக்கும் சத்தம் உள்ளே வரை வந்தது.

கர்யோனோ சோலோ–யோக்யா பாதையில் பஸ் ஓட்டியவர். முதல் நடைக்கு முன்பே மகளைக் கொண்டுபோய் பேட்மிண்டன் கூடத்தில் விடுவார். கதவு திறக்கும்வரை அவள் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குவாள். பந்தயங்களுக்கும் கூடவே போவார், ஆனால் பார்க்க மாட்டார். நெஞ்சு தாங்காது என்று வெளியே வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

முதல் தடவை அவருக்குப் பக்கவாதம் வந்தபோது லரஸ் ஐரோப்பாவில் இருந்தாள். சேதி கேட்டதும் பந்தயத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்தாள். அந்த வருடக் கடைசியில் தேசிய முகாமில் அவள் இடம் போயிற்று. திரும்ப உள்ளே நுழைவதற்குள், பழைய கூடத்தில் தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்களோடு ஆடி ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். இப்போது வயது இருபத்தெட்டு. இந்த அரையிறுதியில் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் முகாமில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம்.

கோணிப்போன வாயால் கர்யோனோ மனைவியிடம் பலமுறை சொல்லியிருந்தார். "நான் போனாலும் ஆட்டம் முடியட்டும். அப்புறம் சொல்லு." தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தாள்.

குளிப்பாட்டப் பின்கட்டில் திரை கட்டினார்கள். வினர்த்தி அவர் தோளில் தண்ணீர் ஊற்றினாள். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைத் தேய்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் எண்டாங்கின் வீட்டில் ஆட்டம் ஓடிய டிவியைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள், துக்க வீட்டுக்கு மரியாதையாக. ஆனாலும் கேட்டது. திடீரென்று பல பேர் மூச்சை இழுத்துவிடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எதற்காக வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. லரஸ் தோற்றால் பொய் இன்றோடு முடியும். ஜெயித்தால் நாளை இறுதியாட்டம், இன்னொரு நாள் தூங்குகிறார் என்றே சொல்ல வேண்டும். மதிலின் பக்கம் காதை வைத்தபடியே, தோற்றுவிட்டாள் என்ற பெருமூச்சுக்காகத் தான் காத்திருப்பதை அவள் உணர்ந்தாள். கையிலிருந்த குவளை நழுவி சிமெண்டில் விழுந்தது.

கபன் துணி கட்டி முடித்ததும் ஹெரு வந்து நின்றான். அடக்கம் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வேண்டாம், சாயங்காலம் அஸர் வரை பொறுக்கலாம் என்றான்.

"எதுக்கு?"

"லரஸ் வரட்டும்."

"தெரியாதவ எப்படிடா வருவா?"

அவன் தரையைப் பார்த்தான். மய்யித்தைப் போட்டு வைக்கக் கூடாது, லுஹர் தொழுததும் எடுத்துவிட வேண்டும் என்று அவள் பள்ளிவாசல்காரரிடம் சொல்லிவிட்டாள்.

மல்லிகைச் சரம் போர்த்திய சந்தூக்குப் பெட்டியைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். ஊர் வழக்கப்படி பிள்ளைகள் அதன் அடியில் குனிந்து போய்வர வேண்டும். ஹெரு போய்வந்தான். பள்ளிவாசல்காரர் இன்னொரு பிள்ளையைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். வினர்த்தி இல்லை என்று தலையசைத்தாள். தூக்கியவர்கள் நகரப் போகையில் ஹெரு மறுபடியும் குனிந்தான்.

"இது தங்கச்சிக்கு," என்றான்.

ஆண்கள் போன பிறகு தெரு வெறிச்சோடிப் போனது. சமையற்கட்டு வழியாக எண்டாங் வந்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஜெயிச்சுட்டாக்கா. மூணாவது செட்டுல."

வினர்த்தியின் கைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவர் எழுந்துவிட்டார், கஞ்சி குடித்தார், மறுபடி படுத்துவிட்டார்: சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

"அடக்கம் ஆயிடுச்சாம்மா?" என்றாள் லரஸ்.

எண்டாங் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

"அண்ணன் விடிகாலை பஜ்ருக்கே சொல்லிட்டான். உன் வாயால சொல்லுவியான்னுதான் காலைல கூப்பிட்டேன்."

"சத்தியம் பண்ணியிருந்தேன்டி."

"எழுப்பச் சொன்னப்பகூட நீ சொல்லல."

அந்தப் பக்கம் யாரோ லரஸைக் கூப்பிடுவது கேட்டது, பேட்டி கொடுக்க வரச்சொல்லி. அவள் போகவில்லை.

"ஒவ்வொரு பாயிண்டுக்கும் அழுகை வந்துச்சும்மா. கண்ணைத் தொடைச்சா தெரிஞ்சிடும்னு வேர்வையைத் தொடைக்கிற மாதிரி தொடைச்சேன். நாளைக்கும் நான் ஆடணுமா?"

காலையிலிருந்து அந்த வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானித்தவள் வினர்த்திதான். இதை மட்டும் அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

"முதல்ல வீட்டுக்கு வா," என்றாள்.

மாலை விமானத்தில் லரஸ் வந்தாள். மறுநாள் காலை ஜகார்த்தா திரும்பும் முதல் விமானத்துக்கும் ஹெரு சீட்டுப் போட்டிருந்தான். ஆடுவதா வேண்டாமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே கபர்ஸ்தானுக்குத்தான் போனார்கள். வெயில் இறங்கி, ஈர மண் சிவந்து தெரிந்தது. லரஸ் அணிச்சட்டையோடு மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை. மட்டை பிடிக்கும் கையை மடியில் மல்லாக்க வைத்திருந்தாள். விரல்களில் சுற்றிய பிளாஸ்திரி வியர்வையில் ஊறி, ஓரம் சுருண்டிருந்தது.

வினர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நகத்தால் நுனியைத் தேடி எடுத்து, வலிக்காமல், மெல்ல ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கினாள்.