பத்து நிமிடம் முன்னால் போன கம்பி ஆலை

கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் மின்ரயில் பயணிகளுக்கும், மற்றுமுள்ள உலகத்தாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆடி மாதத்தில், சிப்காட்டில் துளசிராமனுக்குச் சொந்தமான கம்பி ஆலை, கூரை, புகைபோக்கி, கேன்டீன் சகிதமாக, உலகத்தைவிடப் பத்து நிமிடம் முன்னால் போய்விட்டது. சுற்றுச்சுவருக்கு வெளியே எல்லாம் பழையபடியே இருந்தன.

பழுக்கக் காய்ந்த கம்பி ஓடிவரும் வேகத்தில், அதை உருட்டும் இயந்திரமும் வெட்டும் இயந்திரமும் நேரத்தில் இம்மி பிசகினாலும் கம்பி இடியாப்பமாகிவிடும். ஆகவே ஆலையிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைக் கேட்டு நடக்கும்படி நெட்வொர்க்கை அமைக்க, பழவேற்காட்டு மொஹசின் ஒப்பந்தத்தில் வந்தார். வேலை திருப்தியாக முடிந்தால் நிரந்தரம். நிரந்தரமானால்தான் சமீனா வீட்டார் நிக்காஹுக்குத் தேதி குறிப்பார்கள். மொட்டைமாடியில், செயற்கைக்கோளிடம் நேரம் கேட்டுச் சொல்லும் கடிகாரம் ஒன்றைப் பொருத்தி, அதற்கு ஒன்றாம் எண்ணைக் கொடுத்தார் மொஹசின். இந்த ஏற்பாட்டில் எண் சிறியதானால் அதிகாரம் பெரியது. மற்ற கடிகாரங்கள் வாய்பொத்திப் பின்தொடரும். பார்வையிட வந்த துளசிராமன் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“யாருபா அது நம்பர் ஒன்னு?”

“மாடில வச்சிக்கிற கடியாரம் சார்.”

“என் ரூம்ல மாட்டிக்கிறது?”

“அது நாப்பதாவது சார்.”

“என் கம்பெனில நான் நாப்பதாவதா? மாத்துபா.”

முதலாளி அறைக் கடிகாரம் பத்து நிமிடம் வேகம். யார் எப்போது வந்தாலும் தாமதம் என்று திட்டுவதற்காக அவரே அப்படித் தள்ளி வைத்திருந்தார். மொஹசின் தயங்கித் தயங்கி அதைச் சொல்லிப் பார்த்தார். “என் கடியாரம் கரெக்டு. ஊருதான் ஸ்லோவு” என்றார் துளசிராமன். மொஹசின் சமீனாவை நினைத்துக்கொண்டு எண்ணை மாற்றினார்.

எல்லாம் ஒரே தவறைச் சொன்னதால் இயந்திரங்கள் ஒத்துப்போயின, கம்பி கோடு போட்டதுபோல் வந்தது. பிறகு ஆலையும் கீழ்ப்படிந்தது. லாரி வாசலில் நுழையும்போதே அதன் சரக்கு இறங்கி அடுக்கப்பட்டிருந்தது. கேன்டீன் மேரி பால் காய்ச்சும் முன்பே குடித்த டம்ளர்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. உள்ளே மழை விட்டபிறகுதான் வெளியே பிடிக்கும். காவலாளி சடையப்பன் ஈரக் குடையை மடக்கி வைத்துவிட்டு, தெருவில் போகிறவர்களிடம், “சீக்கிரம் ஓடு நைனா, இப்ப ஊத்தப் போவுது” என்பார். தொழிலாளிகள் காலையில் கொஞ்சம் முன்னால் வந்து பழகிக்கொண்டார்கள். மாலையில், வருடக்கணக்காக வால் மட்டுமே பார்த்த ரயிலில் உட்கார்ந்து போனார்கள். வெளிச்சமிருக்கும்போதே வீடு வந்த ஜோசப்பைப் பார்த்து மனைவி ஞானம்மா, “இன்னாயா, வேலைய உட்டுத் தொரத்திட்டானுங்களா?” என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

கஷ்டப்பட்டவர் துளசிராமன் ஒருவர்தான். அவர் கார் நுழையும்போது, ஊழியர்கள் வரிசையாக நின்று, காலி வாசலுக்கு வணக்கம் சொல்லி முடித்து, இருக்கைக்குத் திரும்பியிருந்தார்கள். எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் வணக்கம் அவருக்குப் பத்து நிமிடம் முன்னால் முடிந்திருந்தது. வணக்கமில்லாமல் அவருக்கு நாஷ்டா செரிக்கவில்லை. மொஹசினைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னார்.

“ஒன்னு, உங்க கடியாரத்தத் திருத்தணும் சார். இல்லாங்காட்டி மாடிக்கு நம்பர் ஒன்னக் குடுத்துடணும்.”

“நான் தப்புங்கிற, இல்ல ரெண்டாவதுங்கிற. ரொம்ப பேஜாரு பண்றபா நீ. திங்கக்கெழம மீட்டிங்ல உன்ன ஊட்டுக்கு அனுப்புறேன் பாரு.”

திங்கட்கிழமை அவர் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்கள். மேசைமேல் மொஹசினின் நிரந்தர உத்தரவு, அதன் அடியில் துளசிராமனின் கையெழுத்து, மை காய்ந்து கிடந்தது.

“இத நான் எப்போ போட்டேன்?”

“இப்பதான் சார்,” என்றார் பணியாளர் மேலாளர் லட்சுமியம்மாள், வாயைத் துடைத்துக்கொண்டு. “போட்டுட்டு நல்லா நாலு வார்த்த பேசுனீங்களே. மேரிக்கே கண்ணு கலங்கிடுச்சி.”

கையெழுத்து அவருடையதுதான். அது இன்னும் போடாத கையெழுத்து என்று வாதாடலாம். ஆனால் அதற்குக் கடிகாரம் வேகம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். துளசிராமன் உட்கார்ந்து, மீதியிருந்த மைசூர்பாகை எடுத்துக்கொண்டார். சமீனா வீட்டில் அன்றே தேதி குறித்தார்கள்.

மூன்று நாளுக்குமேல் தாமதமாக வந்ததற்காக, ஆலை விதிப்படி, அந்த மாதம் முதலாளிக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது.