வான்கோழிக் குரல்

எம்மலினுக்கு நான் முதன்முதலில் போட்ட தடை அவளுடைய வான்கோழிக் குரலுக்குத்தான்.

அவள் என் சித்தி மகள். இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து அவள் கூவினால், காட்டுக்குள் இருக்கும் வான்கோழிச் சேவல் நிஜமென்று நம்பிப் பதில் கொடுக்கும். மாவட்டச் சந்தையில் நடக்கும் கூவல் போட்டியில் இரண்டு வருடம் முதல் பரிசு, அதுவும் தாடி நரைத்த வேட்டைக்காரர்களைத் தோற்கடித்து. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் அலபாமாவிலேயே பெயர்போன பல்கலைக்கழகத்தில், மாணவிகள் சங்கமாகச் சேர்ந்து வாழும், வெள்ளைத் தூண்கள் வைத்த சொராரிட்டி இல்லத்தில், வான்கோழிக்கு என்ன வேலை என்று நினைத்தேன். அந்த இல்லத்தில் நான் இரண்டு வருடமாக உறுப்பினர். எம்மலினுக்கு வேறு ஆசையே கிடையாது. கல்லூரியில் சேர்ந்ததும் என் இல்லத்திலேயே அவளும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா, ரெண்டாயிரத்து ஐந்நூறு பொண்ணுங்க வராங்களாமே. என்னையெல்லாம் எடுப்பாங்களா?"

"நான் சொல்றதை மட்டும் செய். எடுப்பாங்க."

அந்தக் கோடை முழுக்க சித்தியின் சமையலறையில் பயிற்சி நடந்தது. பழைய உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து ஐந்து சிபாரிசுக் கடிதங்கள் வாங்கினோம். எந்த உடைக்கு எந்தச் செருப்பு என்று படம் எடுத்து வரிசைப்படுத்தினோம். ஆண்பிள்ளைகள், மது, மதம், பணம், அரசியல், இந்த ஐந்தையும் பேச்சில் தொடக் கூடாது. இது எல்லோரும் சொல்லித் தருவது. நான் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: எங்கள் ஊர்.

எங்கள் ஊரில் இருப்பது ஒரு கோழிக்கறித் தொழிற்சாலை. காற்று திசை மாறினால் தேவாலயத்துக்குள்ளேகூட மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். இல்லத்தில் யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. எம்மலின் என் சித்தி மகள் என்பதையும் சொல்வதாக இல்லை.

"ஊர் எதுன்னு கேட்டா?"

"மான்ட்கோமரி பக்கம்னு சொல்லு. தலைநகர்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

"மான்ட்கோமரி போக ஒன்றரை மணி நேரம் ஆகுமேக்கா. அப்படிப் பார்த்தா நிலாவும் பக்கம்தான்!" என்று சொல்லிவிட்டு வீடு அதிரச் சிரித்தாள்.

"இப்படிச் சிரிக்காதே. பல்லு தெரியட்டும், சத்தம் வரக் கூடாது."

அடுப்பில் கோழி பொரித்துக்கொண்டிருந்த சித்தி திரும்பிப் பார்த்தாள். "ஏய் ஆன்ஸ்லி, எம் பொண்ணைக் கொஞ்சம் மிச்சம் வைடி."

நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

ஆகஸ்டில், இல்லங்கள் புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரம் வந்தது. அந்த வாரத்தில் விருந்துகளுக்கு வெளியே உறுப்பினர்கள் எந்தப் பெண்ணோடும் பேசக் கூடாது. நாளுக்கு நாள் இல்லங்கள் பெண்களைக் கழித்துக்கொண்டே வந்தன. கடைசி நாளில் எம்மலினுக்கு மிஞ்சியவை இரண்டு: எங்கள் இல்லமும், தெருக்கோடியில் இருக்கிற சின்ன இல்லமும். அந்தச் சின்ன இல்லத்தை நாங்கள் பேச்சுக்குக்கூடச் சேர்த்துக்கொள்வதில்லை.

கடைசி விருந்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு பெண்ணுக்கு ஓர் உறுப்பினர் என்று தனியாக உட்கார வைப்பார்கள். எம்மலினோடு நான்தான் உட்கார்வேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"அந்தச் சின்ன வீட்டுல ஏசி கெட்டுப்போச்சுக்கா," என்று கிசுகிசுத்தாள். "எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டுது. நான் மறந்துபோய் ஒரு தடவை கூவிட்டேன். அவ்வளவுதான், மறுபடி மறுபடி கூவச் சொல்றாங்க. இன்னிக்கு வாசல்லயே, 'வான்கோழி வந்தாச்சு'ன்னு கத்துறாங்க!"

"இங்க கூவினியா?"

"சத்தியமா இல்ல. ஒரு தடவைகூட இல்ல."

கெட்டிக்காரி என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

விருந்து முடிந்ததும் அவள் நேராகப் போய் விருப்பச் சீட்டு எழுத வேண்டும். இரண்டு இல்லத்தையும் எழுதினால் ஏதாவது ஒன்று நிச்சயம். ஒன்றை மட்டும் எழுதி, அந்த இல்லம் எடுக்காவிட்டால் எதுவும் கிடையாது. இரண்டாவது பெயர் எழுதினால், சீட்டுகளையும் பட்டியல்களையும் பொருத்திப் பார்க்கும் கணினி அங்கேதான் தள்ளிவிடும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வெறும் வதந்தி என்று, பெண்களுக்கு வழிகாட்டப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஆலோசகர்கள் தலையால் அடித்துக்கொள்வார்கள். யார் கேட்டார்கள்?

"ரெண்டையும் எழுதட்டுமாக்கா? அவங்களும் நல்லவங்கதான்."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொன்னேன். "எங்க பேரை மட்டும் எழுது. நான் இருக்கேன்ல?"

ஒரு மணி நேரம் கழித்து எங்கள் கூடத்தில் வாக்கெடுப்பு. திரையில் ஒவ்வொரு முகமாக வந்தது. எம்மலின் வந்தபோது, தேர்வுக்குத் தலைமை வகித்த பிளேக்லி கேட்டாள், "இந்தப் பொண்ணு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"ஸ்வீட்," என்றாள் ஒருத்தி.

"ஆமா, ஸ்வீட்," என்றாள் இன்னொருத்தி.

"ஸ்வீட்டுக்குக் கேக் இருக்கே. வேற?" என்றாள் பிளேக்லி. எல்லோரும் சிரித்தார்கள். "ஆன்ஸ்லி, நீதானே இன்னிக்குக் கூட உக்காந்த? நாங்க மறக்காத மாதிரி ஒரே ஒரு விஷயம் சொல்லு."

என் நாக்கு நுனியில் வான்கோழி இருந்தது. அதைச் சொன்னால் எந்தச் சந்தை, எந்த ஊர், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கோழித் தொழிற்சாலை வரும். இரண்டு வருடமாக நான் கட்டிவைத்த மான்ட்கோமரி சரியும். எழுபது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல பொண்ணு," என்றேன்.

பிளேக்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எங்கள் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே நான்கு முறை படித்தேன். எம்மலின் இல்லை. எங்கும் இடம் கிடைக்காத பெண்களை ஆலோசகர்கள் காலையிலேயே போனில் கூப்பிட்டு, மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நான் கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை.

மதியம், மைதானத்தில் உறையைப் பிரித்துத் தங்கள் இல்லம் எதுவென்று பார்த்த புது உறுப்பினர்கள் கூச்சலிட்டுக்கொண்டே எங்கள் புல்வெளிக்கு ஓடி வந்தார்கள். நானும் மற்ற உறுப்பினர்களைப் போல இல்லத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு கை தட்டினேன். பெற்றோர் கூட்டத்தில் சித்தி நின்றிருந்தாள். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறாள். கையில் அவளே வண்ணம் தீட்டிய பெரிய அட்டை: எம்மலின், உன் வீட்டுக்கு வா.

"எங்கடி எம்பொண்ணு?" என்றாள் என்னைக் கண்டதும். "சின்ன வயசுலேருந்தே ஓட்டத்துல கடைசி. வருவா, வருவா."

சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. கடைசிப் பெண்ணும் ஓடி வந்து, கதவைச் சாத்தி, உள்ளே பாட்டு தொடங்கிய பிறகும் சித்தி அட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

எம்மலின் நடைபாதை வழியாக மெதுவாக நடந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அம்மா கையிலிருந்த அட்டையை வாங்கி, எழுத்து தெரியாதபடி உள்பக்கமாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். சித்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ சொன்னதெல்லாம் செஞ்சேனேக்கா," என்றாள் எம்மலின். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருக்கலாம். "ஒண்ணு மட்டும் சொல்லு. என்னைப் பத்தி உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"நல்ல பொண்ணுன்னு சொன்னேன்."

அவள் காத்திருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்று நம்பி, சின்ன வயதில் நான் கதை சொல்லும்போது பார்ப்பாளே, அப்படியே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதானாக்கா?"