ஜன்னலை யார் சாத்துவது?

டெர்பிஷயர் மலையூர் மதுக்கடைக்குள் ஜனவரி மதியக் காற்று ஜன்னல் வழியே புகுந்து ஆளை வெட்டியது. எழுந்துபோய்ச் சாத்தினால் தீர்ந்தது. ஆனால் சாத்துகிறவனை அப்புறம் ஊரே 'நெஷ்' என்றுதான் கூப்பிடும். அதனால் கல்குவாரி க்ளிஃபர்ட், பல் தந்தியடிக்க, பியர்க் கோப்பையைக் கட்டிக்கொண்டு வீறாப்பாக உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து, வட்டாரச் சொற்களைச் சேகரிக்கும் லண்டன் பேராசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"'நெஷ்'னா என்னங்க அர்த்தம்?"

"குளிர் தாங்காத சவலைப்பய. எங்க ஊர்ல அப்படி ஒருத்தனும் கிடையாது," என்றாள் கடைக்காரி ஹில்டா, மூக்கு சிவக்க.

"ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழைய சொல்லுங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ்ல 'மிருது'ன்னு அர்த்தம்," என்ற பேராசிரியர், எழுத முடியாமல் விரல் விறைக்கவே, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"நெஷ்!" என்று கடையே கத்தியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் க்ளிஃபர்ட்தான்.

பேராசிரியர் சிரித்தபடி அதையும் குறித்துக்கொண்டார். "சரி, திறந்துடட்டுமா?"

கத்தியவர்கள் எல்லாம் சட்டென்று கோப்பையை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

"உக்காருங்க சார்!" க்ளிஃபர்ட் அவசரமாக நாற்காலியை இழுத்து ஜன்னலை மறித்துப் போட்டான். "விருந்தாளி நடுங்கக் கூடாது. புழுக்கத்த நாங்க பொறுத்துக்கறோம்."