பதினாறில் ஒன்று

அண்ணிக்கு அலுவலகத்தில் ‘மீட்டர் மேடம்’ என்று பெயர். எந்த சர்வரைத் தொட்டாலும் முதலில் அதன் பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். திறந்தால் யாராவது ஒருவர் வாங்கிக் கட்டிக்கொள்வார். பெரும்பாலும் அந்த ஒருவன் அவருடைய கொழுந்தனாகவே இருப்பான்.

கொழுந்தனை வீட்டில் சின்னவன் என்பார்கள். அதே அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறான். வேலைக்குச் சேர்த்துவிட்டதே அண்ணிதான். சேர்ந்த அன்றே படிக்கட்டில் நிறுத்தி ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

“வீட்ல அண்ணி, இங்க மேடம். மாத்திக் கூப்பிட்டேன்னா ரெண்டு இடத்துலயும் சோறு கிடையாது.”

சின்னவன் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அவன் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம், சிறுநீர் என்று பார்க்கும் முடிவுகளை உடனுக்குடன் டாக்டர்களின் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அலுவலகத்துச் சோதனை மிஷினில் ஒன்றிரண்டு முடிவுகளைப் போட்டுப் பார்த்தபோது சிட்டாய்ப் பறந்தது. மருத்துவமனைக்குப் போனதும் படுத்துவிட்டது. காலையில் எடுத்த ரத்தத்துக்குச் சாயங்காலம் ரிப்போர்ட். நோயாளிகள் காத்திருந்தார்கள், டாக்டர்கள் கத்தினார்கள்.

முதலாளி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். பழைய சர்வரைத் தூக்கிவிட்டுப் பெரிய சர்வர் வைத்தார். பதினாறு கோர், அதாவது ஒரே மண்டைக்குள் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய பதினாறு மூளைகள். அப்படியும் ரிப்போர்ட் நகரவில்லை. அவர் தன் அறைச் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி, அந்த சர்வரின் உழைப்பு மொத்தம் எத்தனை சதவீதம் என்று ஒற்றை எண்ணாக ஓடவிட்டார். எப்போது பார்த்தாலும் ஆறு.

“சர்வர் தூங்குதுப்பா. உன் புரோகிராம்தான் தவழுது” என்பார். சின்னவன் திரும்பிப் போய்ப் புரோகிராமை மறுபடியும் முதல் வரியிலிருந்து பார்ப்பான்.

இன்று மூன்று மணிக்கு மருத்துவமனை நிர்வாகி வருகிறார். நல்ல பதில் இல்லையென்றால் புரோகிராமை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்துடையதைப் போட்டுக்கொள்வார்கள். அதோடு சின்னவனுக்கும் இந்த அலுவலகத்தில் வேலை இல்லை. முதலாளி இதைச் சுற்றி வளைக்காமல் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அண்ணியிடம் முன்பே போயிருக்கலாம். ஆனால் மருத்துவமனை சர்வரை முதலாளி யாரையும் தொடவிடாமல் தானே பார்த்துக்கொண்டார். தவிர, சின்னவனுக்கும் வீம்பு இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகுதான் எழுந்து அண்ணியின் மேசைக்குப் போனான்.

“அண்ணி, என்னைக் காப்பாத்துங்க.”

பக்கத்து மேசைகளில் நாலு தலை திரும்பியது. அண்ணி சட்டத்தை நினைவூட்டவில்லை. அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார், நாற்காலியைத் தள்ளிவிட்டு நேரே முதலாளியின் அறைக்கு நடந்தார். சின்னவன் பின்னாலேயே ஓடினான்.

அங்கே நிர்வாகி அம்மா முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முடிவெடுத்துவிட்டவரின் பொறுமையோடு முதலாளி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், அந்த சர்வர நான் ஒரு தடவ பாக்கணும்” என்றார் அண்ணி.

“அதான் டிவில ஓடுதே மேடம். ஆறு பர்சென்ட்.”

“ஆறு சரி. எப்படி வந்த ஆறு?”

முதலாளி விழித்தார். எண் என்றால் எண்தானே, அதற்குப் பூர்வீகம் வேறு உண்டா என்பது போல இருந்தது அவர் பார்வை. அண்ணி அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஏதோ நாலு எழுத்தைத் தட்டினார். ஆறு மறைந்தது. டிவி முழுக்கப் பதினாறு பட்டைகள் வந்து நின்றன, கோருக்கு ஒன்றாக.

பதினைந்து பட்டைகள் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் சிவந்துபோய் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒன்றின் நூறைப் பதினாறால் வகுத்து வந்ததுதான் அந்த ஆறு.

மூன்று வாரமாக எத்தனை பேர் இந்த டிவியைப் பார்த்திருப்பார்கள்! சின்னவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாளும் அவன் தன் புரோகிராமை வரிவரியாகச் சலித்தான், முதலாளி செலவு செய்தார், டாக்டர்கள் கத்தினார்கள். அண்ணி வந்தார், ஒரு கேள்வி கேட்டார், திரையை மாற்றினார், அவ்வளவுதான். அவனுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அண்ணி அதோடு நிற்கவில்லை. அந்தச் சிவப்புப் பட்டையையே கண்கொட்டாமல் பார்த்தார்.

“ஒரு கோருக்கு வேலை அதிகமாச்சுன்னா பக்கத்துல சும்மா இருக்கிறது கொஞ்சம் வாங்கிக்கணும். இங்க அது நடக்கல. அசையவே மாட்டேங்குது. யாரோ புரோகிராம இந்த ஒண்ணோட கட்டி வெச்சிருக்காங்க.”

சின்னவனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. யாரோ இல்லை. அவன்தான்.

புரோகிராம் குழந்தையாக இருந்த காலத்தில், சோதனை மிஷினின் அத்தனை கோர்களையும் அது ஒரு மத்தியானம் விழுங்கிவிட்டது. அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ‘அதக் கட்டி வைடா’ என்று அண்ணி ஹாலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கும்படி திட்டினார். சின்னவன் பயந்துபோய், ‘ஒரே கோரில் மட்டும் ஓடு’ என்று ஒரு வரியை, புரோகிராமைக் கிளப்பிவிடும் துண்டுக் கோப்பில் எழுதிவைத்தான். மருத்துவமனைக்குப் போனபோது அந்த வரியும் கூடவே போய்விட்டது. புரோகிராமைச் சலித்தவன் அந்தத் துண்டுக் கோப்பைத் திறந்தே பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் சர்வர் கோளாறு என்று போய்விடும். முதலாளிக்கு இதெல்லாம் புரியாது. ஆனால் பக்கத்தில் நிற்பது அண்ணி.

“நான்தான் கட்டினேன்” என்றான்.

நிர்வாகி அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “அப்போ இத்தனை நாள் எங்க நோயாளிங்க காத்திருந்தது உங்களாலயா?”

“பாதி என்னாலங்க” என்றார் அண்ணி, அவன் வாயெடுப்பதற்குள். “சோதனை மிஷின்ல கட்டி வைடான்னு சொன்னது நான். கட்டச் சொன்னவளுக்கு அவுக்கச் சொல்லவும் தெரிஞ்சிருக்கணும். இப்ப அவுத்துக் காட்டறோம், பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

இப்படி ஒரு பழியை யாரும் கேட்காமலே வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிற மனுஷியைச் சின்னவன் அதுவரை பார்த்ததில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடே அந்த வரியை அழித்து, நிர்வாகியின் சம்மதத்தோடு புரோகிராமை நிறுத்தித் திரும்பக் கிளப்பினான்.

பதினாறு பட்டைகளும் எழுந்தன. தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை பார்த்தன. ஓரத்தில் மொத்த எண் இருபதானது, ஐம்பதானது, எழுபதைத் தொட்டது.

“ஐயோ, எழுபது ஆயிடுச்சே!” என்று முதலாளி எழுந்துவிட்டார்.

“வேலை செய்யுது சார். உக்காருங்க” என்றார் அண்ணி.

நிர்வாகி அம்மாவின் போன் அடித்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து. பேசிவிட்டு வைத்தபோது அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது. “டாக்டர்கள்லாம் ரிப்போர்ட் வந்து கொட்டுதுன்னு சொல்றாங்களாம். புரோகிராம் இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை, இனிமே எங்க சர்வர இவங்கதான் பாக்கணும்.” பிறகு அண்ணியிடம் திரும்பினார். “எல்லாரும் அந்த ஆறைத்தானே பாத்தாங்க, உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?”

“எங்க வீட்ல அஞ்சு பேருங்க” என்றார் அண்ணி. “வீட்டு வேலைய அஞ்சால வகுத்தா ஆளுக்கு இருபது பர்சென்ட்னு அழகா வரும். பாக்கறவங்களுக்கு யாருக்குமே கஷ்டம் இல்லாத மாதிரி இருக்கும்.”

நிர்வாகி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளியும் சிரித்தார். சின்னவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐந்து பேரில் அவனும் ஒருவன். தரையோடு கிடந்த பட்டைகளில் தன்னுடையது எது என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஐந்து மணிக்கு அலுவலகம் கலைந்தது. அண்ணி மட்டும் மருத்துவமனையின் மற்ற மிஷின்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்து கொண்டிருந்தார். சின்னவன் பையை மாட்டிக்கொண்டு அவர் மேசையருகே வந்து நின்றான்.

“அண்ணி, நீங்க நிதானமா முடிச்சுட்டு வாங்க. நான் போய்ச் சமைச்சு வைக்கிறேன். சோபாவுல கிடக்கற அண்ணனையும் எழுப்பி உக்கார வெச்சு காய் நறுக்க விடறேன்.”

அண்ணி திரையிலிருந்து தலையைத் திருப்பினார். சற்று முன் அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்த அதே பார்வையை அவன் மேல் நிறுத்தினார்.

“ஒரு நாள் அளவ வெச்சு நான் எதையும் நம்பறதில்ல” என்றார். “ஒரு மாசம் ஓடட்டும், பாப்போம்.”