அம்பியின் ஏகாதசி

கரமனை அக்ரஹாரத்தில் ஒரு முயலுக்கு இடம் கிடைக்கும் என்று அதைக் கொண்டுவந்த விஷ்ணுப்ரியாகூட நம்பவில்லை. சாயங்காலம் வரைக்கும்தான் என்று அம்மா அனந்தலக்ஷ்மி கறாராகச் சொல்லிவிட்டாள். ஆனால் மிருக டாக்டர் ஷீஜா சொல்லியனுப்பிய பத்தியத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிற்று. வெங்காயம் ஆகாது, பூண்டு கூடவே கூடாது. கொத்துமல்லியோ புதினாவோ, எதுவானாலும் கழுவி, புதுசாக, கொஞ்சமாகத் தர வேண்டும். மற்றபடி நாள் முழுக்கப் புல்.

அவளுடைய சொந்த அண்ணாவே தம்பானூர் ஹோட்டலில் வெங்காய ஊத்தப்பம் சாப்பிடுகிறவர். அவருக்கு இது எவ்வளவோ தேவலை என்று தீர்மானித்து, அம்பி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

ஆசாரம் முற்றியதில்தான் வினை வந்தது. ஏகாதசியன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அம்பியின் கூண்டிலும் ஒரு துரும்பு விழவில்லை. மூலையில் அவன் கண் செருகி உட்கார்ந்திருந்ததை அவள் தியானம் என்றே எடுத்துக்கொண்டாள். உள்ளூர ரொம்பப் பெருமை.

ஆபீஸிலிருந்து வந்த விஷ்ணுப்ரியா பதறிப்போய் டாக்டருக்கு போன் போட்டாள். வயிறு காலியாகக் கிடந்தால் முயலுக்குக் குடல் நின்றுபோகும், உயிருக்கே ஆபத்து, உடனே தின்ன வையுங்கள், தின்னாவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். அனந்தலக்ஷ்மிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புல்லை நீட்டினாள், அம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொத்துமல்லிக்கும் அதே கதி. முற்றத்துத் துளசியின் பக்கம் மட்டும் அவன் மூக்கு துடித்தது. துளசி ஆகும், நாலு இலை கொடுங்கள் என்றார் டாக்டர்.

டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். ஏகாதசியன்று துளசி பறிக்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அனந்தலக்ஷ்மி ஒரு நிமிஷம் தவித்து நின்றாள். பிறகு அம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் போய் துளசி மாடத்துக்கு நேரே ஏந்திப் பிடித்தாள்.

"பத்மநாபா, நான் பறிக்கலை, பாத்துக்கோ" என்றாள். "அவனாத்தான் திங்கறான்."

அம்பி தின்றான். கொஞ்ச நேரத்தில் புல்லுக்கும் வந்தான். அன்று ராத்திரி கூண்டில் புழுக்கையைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவள், அந்தத் தெருவிலேயே அனந்தலக்ஷ்மி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அடுத்த ஏகாதசிக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று விஷ்ணுப்ரியா லீவு போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். பட்டினி விரதத்தோடு அம்மா காலையிலேயே புதினாவை அலசிக்கொண்டிருந்தாள். அவனுக்கு மட்டும் இன்றைக்கு உண்டா என்று மகள் சீண்டினாள்.

"கொழந்தேளுக்கு ஏதுடி உபவாசம்?" என்றாள் அனந்தலக்ஷ்மி.